நைனாவின் வாழ்க்கை வரலாறு: 128 பக்கம், 11 மாதம், 54,000 ரூபாய்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துக் கூலி 45,000 ரூபாய், மூன்று தவணையாகக் கொடுத்தேன். முப்பது பிரதி அச்சடிக்க 9,000. நாலு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றார் எழுதித் தந்தவர், பதினோரு மாதம் இழுத்தது. கைக்கு வந்தது 128 பக்கத்தில் எங்கள் நைனாவின் வாழ்க்கை வரலாறு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போடுகிறேன். ஒன்றைக் குறைத்தது தாமதத்துக்காக இல்லை. அதற்குக் காரணம் வேறு, பின்னால் வருகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வடசென்னையில் பட்டாளம் என்கிற பேட்டைக்காரர். பெரம்பூர் பி அண்டு சி மில்லில், எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயில் பின்னி மில்லில், 1957-ல் பதினெட்டு வயசில் நெசவுக்குப் போனவர். 1996-ல் மில்லை மூடியபோதுதான் வெளியே வந்தார். அப்புறம் அந்தக் கட்டடங்கள் சும்மா கிடந்த காலத்தில் சினிமாக்காரர்கள் அங்கே சண்டைக் காட்சி எடுப்பார்கள். டிவியில் அப்படி ஒரு படம் ஓடினால் நைனா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்து, "தோ, அந்தத் தூணாண்டதான் என் தறி" என்பார். கதாநாயகன் யார் என்று அவருக்குத் தெரியாது, தூண் தெரியும்.

இப்போது எண்பத்தாறு வயது. காது மந்தம். அவர் சொல்வதையெல்லாம் யாராவது எழுதி வைத்தால் தேவலை என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. நான் டெலிபோன் ஆபரேட்டராக 1989-ல் சேர்ந்து, 2020 ஜனவரியில் பிஎஸ்என்எல் விருப்ப ஓய்வில் வந்தவள். கேட்கத் தெரியும், எழுதத் தெரியாது.

முதலில் ஒரு மொபைல் ஆப்பில் பணம் கட்டினேன். வாரம் ஒரு கேள்வி வரும், பெரியவர்கள் பதிலைப் பேசினால் அதை எழுத்தாக்கிக் கடைசியில் புத்தகம் போட்டுத் தருவார்களாம். முதல் வாரம்: உங்கள் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது? நைனா: "நல்லா இருந்துச்சி." இரண்டாம் வாரம்: உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். "கஷ்டம்தான்." மூன்றாம் வாரம், உங்களுக்குப் பிடித்த விடுமுறைப் பயணம் எது என்று கேட்டது. நைனா போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா கேக்குது இது?" என்றார். ஆறு வாரத்தில் ஆறு வாக்கியம். விட்டுவிட்டேன்.

புத்தகத்தை எழுதித் தந்தவரைக் கண்டுபிடித்தது தற்செயலாக. பெரம்பூரில் ஆதார் நகல் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஓரமாக ஒரு சின்ன போர்டு: "வாழ்க்கை வரலாறு எழுதித் தரப்படும்." அதற்குக் கீழே, "பத்திரிகையாளர் (ஓய்வு)." ஜாதகம் கணித்துத் தரப்படும் என்பது மாதிரி இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேதான் மாடி ஏறினேன்.

ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவர் உயரத்துக்கு இரும்பு பீரோ. பீரோ முழுக்க நூல் கட்டிய ஃபைல்கள். அவர் பேர் வேண்டாம், போர்டில் இருக்கிற அளவுக்கு மேல் விளம்பரம் பிடிக்காத மனிதர். நான் சார் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சார் 1978-ல் ஒரு மாலைப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தச் சேர்ந்தவர். அங்கிருந்து நிருபர். பூக்கடை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்று சைக்கிளில் போலீஸ் ஸ்டேஷன் சுற்றி, ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நின்று செய்தி சேர்த்திருக்கிறார். சில வருஷத்தில் காலை நாளிதழ் ஒன்றுக்கு மாறி அரசியல் செய்திக்குப் போனார். அங்கே ஒரு நாள் செய்தி ஆசிரியர் அவர் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தாராம். வயசான தலைவர்கள், நடிகர்கள், தொழிலதிபர்கள் பேர் இருக்கிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறவர்கள். அவர்களுக்கு இரங்கல் கட்டுரை எழுதி வைக்க வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு அது சாதாரணம். எல்லாப் பத்திரிகை ஆபீஸிலும் உள்ள வழக்கம்தானாம். ராத்திரி பதினொன்றரைக்குச் சாவுச் செய்தி வந்தால், பக்கம் மூடுகிற அவசரத்தில் பிறந்த ஊரையும் படித்த பள்ளிக்கூடத்தையும் யார் தேடுவது? மற்றவர்கள் பழைய செய்தித் துணுக்கை வைத்து ஒப்பேற்றுகிற வேலையை இவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். பட்டியலில் உள்ளவரின் கூடப் படித்தவர், பழைய கார் டிரைவர், சண்டை போட்டுப் பிரிந்த தம்பி, இப்படித் தேடிப் போய்ப் பேசியிருக்கிறார்.

"நானூறு வரிக்கு விஷயம் சேரும்மா. ஆள் செத்த அன்னிக்கு அச்சுல நாப்பது வரி வரும், அதுலயும் விளம்பரம் வந்துட்டா முப்பது. மிச்சம் எங்க போகும்? பீரோவுக்குதான்."

அந்த மிச்சம்தான் அவருடைய அடுத்த பிழைப்பு. வேலையை விட்டபின் இரண்டு அரசியல் தலைவர்கள், ஒரு சினிமா தயாரிப்பாளர், ஒரு ஆலை முதலாளி என்று நாலு வாழ்க்கை வரலாறு எழுதியிருக்கிறார். அட்டையில் தன் பேர் இல்லாமல் எழுதியது இன்னும் இரண்டு. அது யார் யாருடையது என்று பதினோரு மாதமும் துருவிப் பார்த்தேன். கூலி வாங்கியாகிவிட்டது, வாய் திறக்க மாட்டேன் என்றுவிட்டார்.

பத்திரிகையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் நிறையப் பேர் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ராஜாஜிக்கும் படேலுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதிய ராஜ்மோகன் காந்தி, 1980-களில் இங்கே மெட்ராஸில் இந்தியன் எக்ஸ்பிரஸுக்கு ஆசிரியராக இருந்தவர். கருணாநிதியைப் பற்றி 2021-ல் ஆங்கிலத்தில் பெரிய புத்தகம் எழுதிய ஏ.எஸ். பன்னீர்செல்வன், இந்து நாளிதழில் வாசகர்களின் புகாரை விசாரிக்கிற ஆசிரியராக இருந்தவர். இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பை நடத்திய வாஸந்தி, ஜெயலலிதாவைப் பற்றி எழுதியபோது புத்தகம் வெளிவருவதற்குள் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். "பெரிய ஆளை எழுதினா தடை உத்தரவு வரும்" என்று சார் சிரித்தார். மில் தொழிலாளியை எழுதினால் அண்ணன் வருவான் என்று அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

சரி, வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

முதல் நாள் வீட்டுக்கு வந்தவர் கதை கேட்கவே இல்லை. "பேப்பர் இருந்தா எடும்மா" என்றார். நைனாவின் டிரங்குப் பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்தேன். பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, சங்கச் சந்தா ரசீது, பள்ளிக்கூட டி.சி., பழைய ரேஷன் கார்டு, ஸ்டுடியோவில் எடுத்த இரண்டு போட்டோ. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மூன்று மணி நேரம். நைனா தூங்கியே போனார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். அமெரிக்காவில் ராபர்ட் கேரோ என்று ஒருவர், நியூஸ்டே என்ற நாளிதழில் நிருபராக இருந்தபோது அவருடைய ஆசிரியர், எந்தக் காகிதக் கட்டைக் கொடுத்தாலும் ஒரு பக்கம் விடாமல் புரட்டு என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்த ஆள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனைப் பற்றி எழுத ஆரம்பித்து, 1982-லிருந்து இதுவரை நாலு தொகுதி வந்திருக்கிறது, ஐந்தாவது இன்னும் முடியவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாலு மாதக் கெடு போய்விடும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள்தான் கதை. நைனாவிடம் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் வருவது திரு.வி.க. கதை. மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் எங்கள் மில்காரர்களுக்காகத்தான் தொடங்கியது, இந்தியாவிலேயே முதல் தொழிற்சங்கம் என்பார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவர் திரு.வி.க. அவரும் பத்திரிகைக்காரர்தான், தேசபக்தன், நவசக்தி இரண்டுக்கும் ஆசிரியர். எங்கள் தாத்தாவும் மில்லில் இருந்தவர், நைனாவைச் சின்ன வயசில் இராயப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரைக் காட்டியிருக்கிறார். "என்னப் பார்த்து சிரிச்சார், தலையில கை வெச்சார்." பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

சார் கேட்டார்: "எந்த வருஷம் ஐயா?"

"ஏழாவது படிக்கச்சே."

"அப்போ அம்பத்தொண்ணு, அம்பத்திரெண்டு. உங்களைப் பார்த்துச் சிரிச்சாரா?"

"ஆமா. பார்த்து சிரிச்சார்."

"கடைசி வருஷங்கள்ல அவருக்குக் கண் தெரியாது ஐயா. பாட்டெல்லாம்கூட வாயால சொல்லி அடுத்தவங்களை எழுத வெச்சார்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. காசும் கொடுத்து, வயசான மனுஷனைப் பொய்யர் என்றும் சொல்ல வைக்கிறோமே என்று. நைனா ஒன்றும் பேசவில்லை. சாரும் பேசவில்லை. வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்த நாட்களில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: எதிர்முனை சத்தமில்லாமல் இருந்தால் உடனே துண்டிக்காதே. அவருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். நைனா வலது கையை மெதுவாகத் தூக்கி, எதிரில் யாரோ நிற்பது மாதிரி காற்றில் தடவ ஆரம்பித்தார்.

"தடவுனார். தலை, நெத்தி, அப்புறம் இந்தக் காது. சில்லுனு இருந்துச்சி கை. நான் பயந்து தாத்தா பின்னாடி போய்ட்டேன்."

ஐம்பது வருஷமாகக் கேட்ட கதையில் இந்தக் கை வந்ததே இல்லை. புத்தகத்தில் அது 19-ம் பக்கம். கடைசியில் சார் ஒரு வரி போட்டிருக்கிறார்: "இதற்கு வேறு சாட்சி இல்லை." அந்த வரி எனக்குச் சுருக்கென்றது, எடுக்கச் சொன்னேன், முடியாது என்றுவிட்டார். நைனாவிடம் படித்துக் காட்டினேன். "கரெக்டாதான் எழுதிக்கீறாரு. தாத்தாதான் செத்துட்டாரே" என்றார்.

இந்தச் சேவைக்குக் காசு கொடுக்க நினைக்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மாலை போட்ட படம் மாதிரி ஒரு புத்தகம் வேண்டுமென்றால் மணிவிழா மலர் போட்டுத் தருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், பாதி விலைக்கு. இவர் எழுதுவது செய்தி. யார் சொன்னது, எப்போது, வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நடையும் அப்படித்தான், வரி வரியாக வறட்டு நடை. உவமை எதுவும் கிடையாது. "சோகமான" என்ற வார்த்தையை 128 பக்கத்திலும் தேடிவிட்டேன், இல்லை.

ஆறாம் மாதம் மில்லுக்குப் போனோம். மில் என்று ஒன்று இப்போது இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. ஒரு காலத்தில் வாசலுக்கு எதிரில் டீக்கடை இருந்த இடம், இன்றைக்கு மொபைல் ரீசார்ஜ் கடை. சார் கடைக்காரரிடம் கேட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, ரோட்டைப் பார்த்துப் போட்டு நைனாவை உட்கார வைத்தார். தான் பின்னால், நைனாவின் கண்ணில் படாத இடத்தில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். இதுவும் அந்த கேரோவின் வேலைதானாம். ஜான்சனின் தம்பி எதைக் கேட்டாலும் பூசி மெழுகிக்கொண்டே இருந்திருக்கிறார். அண்ணன் தம்பி வளர்ந்த வீட்டைப் பழையபடியே வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். பார்வையாளர் போனபின் அவரை அங்கே கூட்டிப்போய், சின்ன வயசில் சாப்பிட உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார வைத்து, கேரோ பின்னால் உட்கார்ந்துகொண்டாராம். அப்புறம்தான் அப்பாவும் அண்ணனும் போட்ட சண்டையெல்லாம் வெளியே வந்ததாம்.

"ஷிஃப்ட் முடிஞ்சி வெளிய வரீங்க ஐயா. கையில இன்னா?"

"தூக்கு."

"தலையில?"

"பஞ்சு. முடியெல்லாம் பஞ்சு. அத்த தட்டாம டீ குடிக்க மாட்டோம், கிளாஸ்ல வுயும்."

அரை மணி நேரம் இப்படியே போனது. பிறகு சார் மில் மூடியதைக் கேட்டார். கைக்கு வந்த பணத்தைக் கேட்டார். நைனா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, நான் அங்கே நிற்பது மறந்துபோன மாதிரி சொன்னார். அந்தப் பணத்தில் 60,000 ரூபாயை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு முளைத்த ரகம். மாதம் 1,200 வட்டி. 1997-ல் ஒரு நாள் போனால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த எட்டு மாதம், ஒன்றாம் தேதியானால் கந்துவட்டிக்கு 1,200 கடன் வாங்கி, வட்டி வந்தது என்று அம்மா கையில் கொடுத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் ரீசார்ஜ் கடையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த அத்தியாயம் கைப்பிரதியில் வந்ததும் வில்லிவாக்கத்திலிருந்து அண்ணன் புறப்பட்டு வந்துவிட்டார். ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் இருந்து ஓய்வு பெற்றவர், மகனுக்குப் பெண் பார்க்கிற நேரம். "நைனா கந்துவட்டி வாங்கனாருன்னு ஊருக்கே பேப்பர் போடணுமா?" நேராகச் சாரின் மாடிக்கே போய்விட்டார், நானும் பின்னால் ஓடினேன். சாரின் சட்டம் ஒன்றுதான்: சொன்னவர் வேண்டாம் என்றால் எடுப்பேன், பிள்ளைகள் சொல்லி எடுக்க மாட்டேன். அண்ணன் கத்தியதற்கெல்லாம் அவர் குரல் உயரவில்லை. டைம் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் சி.என்.என்.னுக்குத் தலைவராகவும் இருந்த வால்டர் ஐசக்சனைத் தன் கதையை எழுதச் சொல்லிக் கூப்பிட்டவர் ஸ்டீவ் ஜாப்ஸ். எதையும் தன் பிடியில் வைத்திருக்கிற மனிதர், நாற்பது தடவைக்கு மேல் உட்கார்ந்து பேசியவர், எழுதியதை முன்கூட்டிக் காட்டு என்று மட்டும் கேட்கவில்லை. அட்டைப் படத்தில்தான் தலையிட்டார். 2011 அக்டோபரில் அவர் இறந்து மூன்று வாரத்துக்குள் புத்தகம் வந்தது. இதை சார் சொல்லி முடித்ததும் அண்ணன், "அப்போ அட்டையில நைனா கோட்டு போட்ட போட்டோவாவது போடுங்க" என்றார். போட்டோம். அந்தக் கோட்டு ஸ்டுடியோக்காரருடையது.

நைனாவிடம் சார் தனியாகக் கேட்டார். இருக்கட்டும் என்றுவிட்டார்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம். கைப்பிரதி முழுதும் வந்தபோது எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்கு ஐந்து பக்கம். மில்லில் ஸ்ட்ரைக், கதவடைப்பு என்று சம்பளம் இல்லாத மாதங்களில் வாசலில் இட்லி போட்டு விற்று எங்களைக் காப்பாற்றியவள் அவள். 2011-ல் போய்விட்டாள். அவளுக்கு ஐந்து பக்கம், மில்லில் தயாரான காக்கித் துணிக்கு ஏழு பக்கம். சாரிடம் சண்டை போட்டேன். "ஐயாவுக்கு பி.எஃப். சீட்டு இருக்கு, சங்க ரசீது இருக்கு, கூட வேலை செஞ்ச மூணு பேர் இருக்காங்க. அம்மாவுக்குப் பேப்பர் இல்லியேம்மா" என்றார். நீங்கள் கேட்கவே இல்லையே என்றேன். முதல் நாள் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னவருக்கு, அடுப்படி அலமாரியைத் திறக்கச் சொல்லத் தோன்றவில்லை. பெரிய மனிதர்களை எழுதிப் பழகிய கை, அப்படித்தான் போகும்போல. மனைவி என்றால் ஒரு அத்தியாயம், திருமண போட்டோ, முடிந்தது.

அலமாரியில் அம்மாவின் சீட்டு நோட்டு இருந்தது. பால், அரிசி, உளுந்து, சீட்டுக் காசு, எல்லாம் பென்சிலில். எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தேன். காகிதத்தைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் போன் பண்ணி வரச் சொன்னார். 1997-ல் ஒவ்வொரு மாதமும் வரவுப் பக்கத்தில் "வட்டி 1,200" என்று இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து எட்டு மாதத்துக்கு அதே தொகை, ஆனால் "வட்டி" இல்லை. "அவர் தந்தது 1,200."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

புத்தகத்தில் இதை சார் எப்படி எழுதினார் என்றால், எட்டு வரியையும் தேதியோடு அப்படியே அச்சடித்தார். கீழே ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. புத்தகத்திலேயே நல்ல பக்கம் அதுதான், 97. அம்மா பகுதி கடைசியில் பதினாலு பக்கம் வந்தது. ஆனாலும் நான் சண்டை போட்டதால் வந்தது, அதனால் நட்சத்திரம் திரும்பக் கிடையாது. நைனாவிடம் நோட்டைக் காட்டியபோது மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எழுத்து அவுளுதுதான்." அவ்வளவுதான். நோட்டை என்னிடம் திருப்பித் தரவில்லை.

அச்சு சுமார். சார் கைகாட்டிய அச்சகம்தான். போட்டோக்கள் கறுத்துப்போய், நைனாவின் கோட்டு எது சுவர் எது என்று தெரியவில்லை. மூன்று பிரதியில் பசை விட்டுப் பக்கம் கையோடு வந்தது. இரண்டை மாற்றிக் கொடுத்தார்கள், மூன்றாவதுக்கு இன்றைக்கு நாளைக்கு என்கிறார்கள். நீங்கள் கொடுப்பதாக இருந்தால் எழுத்தை மட்டும் சாரிடம் கொடுத்து, அச்சு வேலையை உங்களுக்குத் தெரிந்த இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காலை பத்துக்கு முன்னால் போன் எடுக்க மாட்டார், அத்தனை வருஷம் ராத்திரி டெஸ்க்கில் இருந்த உடம்பு. மாடிப்படி செங்குத்து. பெரியவர்களை ஏற்றாதீர்கள், அவரே வீட்டுக்கு வருவார்.

இன்னொன்று. புத்தகம் வந்து ஒரு வாரம் கழித்து நைனா பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர், 47-ம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நெசவில் அவர் இரண்டு தறி பார்த்தார் என்று போட்டிருக்கிறது. "நாலு தறி. ரெண்டு தறி பாக்கறவன் புச்சா வந்தவன்." அன்றைக்குத்தான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கந்துவட்டிக்குக்கூட இவ்வளவு கோபம் இல்லை.

சாருக்குப் போன் போட்டேன். ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டுவிட்டு, தப்பு என்னுடையதுதான் என்றார். மறுநாள் சாயங்காலம் ஒரு கோந்து பாட்டிலோடு வந்து நின்றார். விரல் அகலத்துக்கு வெட்டிய முப்பது துண்டுக் காகிதம், ஒவ்வொன்றிலும்: "திருத்தம்: பக்கம் 47, வரி 12. 'இரண்டு தறி' என்பதை 'நான்கு தறி' என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்." ஒரே ஆள், வருந்துகிறோம். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினார். நைனா பக்கத்தில் நாற்காலி போட்டு மேஸ்திரி வேலை பார்த்தார், கோணலாக ஒட்டிய இரண்டைப் பிய்க்கச் சொன்னார்.

இருபத்தேழுதான் ஆனது. மூன்று ஏற்கெனவே வெளியே போயிருந்தது. ஒன்று தங்கை வீட்டில், திருவொற்றியூரில். ஒன்று பக்கத்து வீட்டில், அதைப் போய் வாங்கி வந்தேன். மூன்றாவது அண்ணனிடம். நானே ஒட்டிக்கொள்கிறேன், துண்டைக் கொடுங்கள் என்றேன். கேட்கவில்லை. அடுத்த நாள் பஸ் பிடித்து வில்லிவாக்கம் போய், அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து 47-ம் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தாராம். கடன் அத்தியாயத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்று அண்ணி சொன்னாள். திருவொற்றியூருக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறார்.